இருபது கழித்தல் ஆறு கூட்டல் நான்கு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஜூன் மாதத்தில் ஒரு காலை வேளை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். குனிந்து எடுக்கப் போனார், கை போகவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், என் பெயருக்குப் பதிலாக வேறேதோ சத்தம் வந்தது. வெளியே கொட்டுகிற மழை. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்தான் தன் காரை எடுத்து, செம்பூரிலேயே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பிழைத்துவிட்டார். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தார். வலது கால் இழுத்து இழுத்து நடக்கப் பழகிக்கொண்டது. வலது கை தோளிலிருந்து கொஞ்சம் அசைந்தது. பேச்சு மட்டும் ஏழெட்டு வார்த்தைகளுக்குள் அடங்கிப்போயிற்று. அந்த வார்த்தைகளும் இடம் மாறி வந்தன. உப்பு வேண்டுமென்றால் "ஜன்னல்" என்பார். தான் சொன்னது தப்பு என்று அவருக்கே தெரியும். முகம் சுருங்கிவிடும்.

பேச்சு போனது வந்து பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. எண்களும் போயிருக்கின்றன என்பது முதலில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒருநாள் சுவர்க் கடிகாரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். மணி என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவருடைய பிழைப்பே எண்களில்தான் இருந்தது. கட்டிடம் கட்டும் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் எஸ்டிமேட்டராக இருந்தார். வரைபடத்தை விரித்து வைத்து, இந்தத் தூணுக்கு இவ்வளவு கம்பி, இந்தத் தளத்துக்கு இத்தனை லாரி கான்கிரீட் என்று சொல்கிற வேலை. பக்கத்தில் கால்குலேட்டர் இருக்கும், சரிபார்க்க மட்டும். தெருவில் போகும்போது யார் வீட்டு மொட்டை மாடியிலாவது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தால், "ஆயிரத்து இருநூறு லிட்டர் கொள்ளும்" என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு நடப்பார். நான் ஸ்டெனோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு எழுத்துதான் வரும். எங்கள் வீட்டில் எண்ணெல்லாம் அவர் பாடு, எழுத்தெல்லாம் என் பாடு என்று கல்யாணமான புதிதிலேயே பிரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், மாட்டுங்காவில் ஒரு மறுவாழ்வு மையம் இருப்பதாகச் சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் போனோம். செம்பூரிலிருந்து டாக்ஸியில் ஏற்றி, மாட்டுங்கா சர்க்கிளில் இறக்கி, முதல் மாடிக்குப் படி ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். அவர் ஒரு படிக்கு ஒருமுறை நின்று என் முகத்தைப் பார்ப்பார், எனக்குச் சிரமமாக இருக்கிறதே என்று.

அங்கே எங்களுக்கு அமைந்த தெரபிஸ்ட் இருபத்தேழு இருபத்தெட்டு வயசுப் பெண். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நோயாளிகளிடம் இந்தியிலும் மராத்தியிலும் பேசிக்கொண்டிருந்தவள், நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "அப்போ கஷ்டமில்ல, நம்ம பாஷையிலேயே பேசிக்கிடலாம்" என்றாள். அவள் தமிழ் எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் வீட்டுப் பாலக்காட்டுத் தமிழைக் கேட்டு அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவருடைய வேலை என்னவாக இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். உடனே பயிற்சிகளை மாற்றிவிட்டாள். பழத்தின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நோட்டில் 2 + 3 என்று எழுதி அவர் முன்னால் தள்ளினாள். அவர் இடது கையால் பென்சிலைப் பிடித்து, நடுங்கி நடுங்கி 5 போட்டார். குழந்தை எழுதியது போன்ற ஐந்து. ஆனால் ஐந்துதான்.

இரண்டு மாதம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று தனித்தனியாகப் போயிற்று. பிறகு எல்லாம் கலந்த கணக்குக்கு வந்தாள். 3 + 4 × 2. அவர் 14 என்று எழுதினார். இடது பக்கத்திலிருந்து அப்படியே வந்துவிட்டார், மூன்றும் நாலும் ஏழு, ஏழிரண்டு பதினாலு. எத்தனை கட்டிடங்களுக்குக் கணக்குப் போட்டவர்.

அவள் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. "சார், பெருக்கல் எங்க இருக்குன்னு மொதல்ல தேடுங்க. தேடி அதைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க" என்றாள். அவர் 4 × 2-ஐச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டார். "அந்த வட்டத்துக்குள்ள இருக்கறத முடிச்சிட்டு வெளிய வாங்க." அவர் 8 என்று எழுதினார். பிறகு 11 என்று எழுதினார். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த விதம், ஒரு பெரிய டெண்டரை முடித்துவிட்டு வந்து உட்காருவாரே, அப்படி இருந்தது.

வீட்டிலும் தினம் பயிற்சி வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலைக் காப்பி முடிந்ததும் டைனிங் டேபிளில் நோட்டை விரித்து இருபது கணக்கு எழுதிக் கொடுப்பேன். அவர் போட்டு முடித்ததும் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த போட்மாஸ் நன்றாக நினைவிருந்தது. பிராக்கெட், ஆஃப், டிவிஷன், மல்டிப்ளிகேஷன், அடிஷன், சப்ட்ராக்ஷன். முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் போட்மாஸ். எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் இதை மறக்காமல் வைத்திருக்கிறேனே என்று உள்ளூர ஒரு பெருமைகூட.

ஒருநாள் காலை 20 − 6 + 4 என்று ஒரு கணக்கு கொடுத்தேன். அவர் 18 போட்டார். நான் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"இது தப்பு. கூட்டலை முதல்ல பண்ணணும். ஏ முன்னாடி, எஸ் பின்னாடி. ஆறும் நாலும் பத்து. இருபதுல பத்து போனா பத்து."

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. பென்சிலால் இருபதைத் தொட்டார், ஆறைத் தொட்டார், பக்கத்தில் 14 என்று எழுதினார். பிறகு நாலைத் தொட்டு, மறுபடி 18 என்று எழுதினார்.

"இல்லைன்னா. சொன்னாக் கேளுங்கோ. போட்மாஸ்ல 'ஏ'தான் முதல்ல வரது."

மறுபடி தலையை ஆட்டினார். 18-ஐ விரலால் தட்டினார். ஏதோ சொல்ல முயன்றார், "ஜன்னல்" என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார், சில நேரம் தவறான விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பார்கள், பொறுமையாக இருங்கள் என்று. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. குழந்தையிடம் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டேன். "சரி, கோவப்படாதேங்கோ. நான் சொல்றபடி ஒரே ஒரு தரம் போட்டுப் பாருங்கோ" என்று அவர் தோளைத் தடவினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. பிறகு ரப்பரை எடுத்து 18-ஐ அழித்துவிட்டு 10 என்று எழுதினார். நான் டிக் போட்டேன். "பார்த்தேளா" என்றுகூடச் சொன்னேன்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் அப்படியே நடந்தது. 15 − 8 + 2 கொடுத்தால் 5 போட்டார். 30 − 2 × 5 + 7 கொடுத்தால், பெருக்கலுக்கு ஒழுங்காக வட்டம் போட்டுப் பத்தை எழுதி, பத்தையும் ஏழையும் கூட்டி, முப்பதிலிருந்து கழித்து 13 போட்டார். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். முன்னேற்றம் என்று நெருலில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

ஆறாம் நாள் அவர் நோட்டைத் திறக்கவில்லை. நான் திறந்து வைத்தேன், மூடினார். மறுநாளும் மூடினார். வியாழக்கிழமை மாட்டுங்காவுக்குக் கிளம்பச் சட்டை எடுத்துக் கொடுத்தபோது அதைக் கட்டிலில் போட்டுவிட்டு, பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கெஞ்சினேன். கொஞ்சினேன். கடைசியில், அந்த ஆறு மாதத்தில் ஒருநாள்கூட வாயைத் திறந்து சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"இந்தச் சின்னக் கணக்குக்கே இப்படின்னா, நான் எதைத்தான் நம்பி இருக்கறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர் கட்டிடத்தில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டு அம்மாளை அவரோடு உட்கார வைத்துவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நான் தனியாக மாட்டுங்காவுக்குப் போனேன். டாக்ஸியில் முழு வழியும், சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற வழி உண்டா என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். முந்தின பக்கத்துக்குப் போனாள், மறுபடி வந்தாள்.

"அம்மா, இந்த இருவது கழித்தல் ஆறு கூட்டல் நாலுல சாருக்கு ஏன் தப்புப் போட்டிய?"

"பதினெட்டுன்னு எழுதினார். நான் சொல்லிக் கொடுத்துப் பத்துன்னு மாத்தினார்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "பதினெட்டுதாம்மா சரி" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போட்மாஸ் சொன்னேன். ஏ முதலில் வருகிறது, எஸ் பிறகு வருகிறது என்று, அவருக்குச் சொன்ன அதே வரியை அவளுக்கும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அம்மா, ஒரு பஸ்ல இருவது பேரு இருக்காவ. சயன் ஸ்டாப்புல ஆறு பேரு எறங்கிட்டாவ. நாலு பேரு ஏறுதாவ. இப்ப பஸ்ல எத்தன பேரு?"

"பதினெட்டு" என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது.

"அவ்வளவுதான். நீங்க சொல்லுத மாதிரி ஆறையும் நாலையும் கூட்டிக் கழிச்சா, ஏறுன நாலு பேரையும் எறக்கி விட்ட மாதிரில்லா ஆவும்."

அவள் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள். "பெருக்கலும் வகுத்தலும் ஒரே படியில நிக்குது. கூட்டலும் கழித்தலும் அதுக்குக் கீழ ஒரே படியில நிக்குது. ஒரே படியில நிக்கறதுல பெரிசு சின்னது கெடையாது. எடப்பக்கத்துலேர்ந்து எது மொதல்ல வருதோ அத மொதல்ல செய்யணும். போட்மாஸ்னு ஒரு வார்த்தையா எழுதணும்னா ஏதாவது ஒண்ண முன்னாடி போட்டுத்தான ஆவணும், அதான் ஏ முன்னாடி வந்துட்டு. நெறையப் பேரு இப்படித்தாம்மா நெனச்சிருக்காவ. என் கூடப் படிச்ச பிள்ளைங்களே நெனச்சிருந்தாங்க."

நாற்பத்தைந்து வருஷம் நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்ததில் உலகத்துக்கு ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை. எனக்கு அந்தக் கணக்குத் தேவையாகவே இருந்ததில்லை. ஆனால் டைனிங் டேபிளில் அவர் இரண்டு தடவை தலையை ஆட்டினாரே, அது கண்முன்னால் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் என்று எடுத்துச் சொல்ல வார்த்தைதான் இல்லை. பென்சிலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் காட்டினாரே, அதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? எனக்கு வாயும் இருந்தது, சிவப்புப் பேனாவும் இருந்தது. அவர் பக்கம் நியாயம் இருக்கலாம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. உடம்பு சரியில்லாதவர் சொல்வது தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்து மேஜையில் களிமண் பிசைந்து பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அழாதீங்கம்மா. இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, அதப் பாருங்க" என்று நோட்டின் பின்பக்கங்களைத் திருப்பினாள். "நீங்க தப்பா சொல்லிக் குடுத்தத சாரு ஒரே நாள்ல புடிச்சிட்டாவ. அதுக்கப்புறம் ஒரு எடத்துலகூட மாறல. எல்லாக் கணக்கும் உங்க ரூல்படியே போட்டிருக்காவ. ஒரு புது ரூல மனசுல வாங்கி வச்சிக்கிட்டு அஞ்சு நாள் தவறாம செஞ்சிருக்காவ. மூணு மாசத்துக்கு முன்னாடி அவியளால முடியாதும்மா இது."

"சரின்னு தெரிஞ்சும் ஏன் மாத்தினார்?"

"அத நீங்கதாம்மா அவியகிட்ட கேக்கணும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இனிமே நீங்க திருத்தாதீங்க. நீங்க கணக்குப் போடுங்க, சாரு திருத்தட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அவர் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கோபம் இருந்தாலும் நான் வராமல் சாப்பிட மாட்டார், அது பழைய பழக்கம். கை கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தேன். ரப்பரால் அழித்த இடத்தில் 18 இன்னும் லேசாகத் தெரிந்தது.

"நீங்க போட்டதுதான் சரி. எனக்குத்தான் தெரியலை. மாட்டுங்காவுல கேட்டேன். நான் உங்களைத் தப்புன்னு சொன்னது தப்பு. கார்த்தால சொன்னதும் தப்பு."

அவர் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாய் கோணியது, உதடு சேர்ந்தது, பிரிந்தது.

"ப... பதி... பதினெட்டு" என்றார்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் எண் அது. சொல்லி முடித்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இந்த நோயில் அழுகை காரணமில்லாமல் வரும் என்று டாக்டர் எனக்கு முன்பே சொல்லித்தான் இருந்தார். ஆனால் அந்த அழுகையை நோயின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் என் கன்னத்தை இடது கையால் தொட்டுவிட்டு, கையை விரித்துக் காட்டினார். போகட்டும் என்று சொன்னாரா, நீ கஷ்டப்படுகிறாயே என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. இருவரும் ஆறிப்போன சாம்பாரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டோம்.

மறுநாள் சிவப்புப் பேனாவை அவரிடம் நீட்டினேன். முதலில் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் டேபிளில் அது சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் நான் போட்ட (8 + 4) ÷ 3 × 2 என்ற கணக்கில், மூன்றையும் இரண்டையும் முதலில் பெருக்கிவிட்டு, விடை இரண்டு என்று எழுதியிருந்தேன். வேண்டுமென்று செய்ததில்லை, பெருக்கலைப் பார்த்ததும் கை அங்கே போய்விட்டது. அவர் பேனாவை எடுத்தார். அடைப்புக்குறிக்குள் இருந்ததை 12 என்று எழுதினார். அதை மூன்றால் வகுத்து 4. அதை இரண்டால் பெருக்கி 8. பிறகு என் விடையின் மேல் ஒரு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆறு மாதத்தில் அப்படி ஒரு குறும்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினால், நான் ஒருமுறை நிறுத்துவேன். ஒரு வாரமாகப் படுக்கையறை அலமாரிக்கு மேலே கையைக் காட்டிக் காட்டி "மழை, மழை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டதே என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து, சுவர் உப்பிப்போய், அலமாரியின் பின்பலகை ஊறிக்கொண்டிருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். என் கணவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பிளம்பர் வேலை முடித்துக் கிளம்பும்வரை அங்கேயே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடிகாரம் இன்னமும் சரியாகப் பிடிபடவில்லை, பெரிய முள்ளும் சின்ன முள்ளும் அவருக்கு இடம் மாறிவிடுகின்றன. போனில் நம்பர் போடத் தெரியாது. பேச்சு முப்பது நாற்பது வார்த்தைக்கு வந்திருக்கிறது. மனசு தளர்ந்த நாட்களில் நோட்டைத் தொடவே மாட்டார், அப்போது நானும் விட்டுவிடுகிறேன். மாட்டுங்காவுக்கு இப்போது வாரம் ஒருமுறைதான் போகிறோம். அந்தப் பெண் அவரை, "சார், அம்மா எப்படிப் படிக்காவ?" என்று கேட்கிறாள். அவர் இடது கையைக் கவிழ்த்து, சுமார்தான் என்று ஆட்டிக் காட்டுகிறார்.

இந்த வாரம் தசமக் கணக்கு ஆரம்பித்திருக்கிறோம். நேற்று எனக்குப் பத்துக்கு ஆறு கிடைத்தது.